சரித்திரப் பாடமும் அயலார் கண்ணும்

2014ஆம் ஆண்டில், பாங்காக் நகரில் சரித்திர ஆசிரியர் சிலர் கூடிய ஒரு சிறு கூட்டத்திற்குச் செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அரசாங்கத்தார் கூட்டிய மகாநாடு அன்று அது. மாலை மரியாதை இல்லை; வரவேற்புப் பத்திரம் இல்லை; பத்திரிகைகளில் படமும் வரவில்லை. ஜப்பான், தாய்லாந்து, பர்மா, மலேசியா ஆகிய நான்கு நாடுகளினின்றும் தம் கைப்பொருளைச் செலவிட்டு வந்த பதினொருவர், ஒரு பள்ளிக்கூடத்தின் மேல்மாடியில், நீண்டதொரு மேசையைச் சுற்றி மூன்று நாள் அமர்ந்திருந்தோம். வேலை ஒன்றே. சயாம்–பர்மா இருப்புப்பாதையைக் குறித்துத் தத்தம் வகுப்பில் மாணவர்க்கு என்ன கற்பிக்கிறோம் என்பதை ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுவந்து மற்றையோர் முன் படிக்கவேண்டும். கேட்போர் வினவலாம், ஆனால் பிறர் எழுதியதில் ஓர் எழுத்தையும் திருத்தலாகாது.

நாம் அங்கே செருக்கோடு சென்றோம் என்பதை ஒளிப்பானேன்? மரண ரயில் என்று நம் மக்கள் இன்றும் பெருமூச்செறிந்து கூறும் அவ்விருப்புப்பாதைக்கு நமது பாட்டனாரைப் பறிகொடுத்த குடும்பம் நம்முடையது. எனவே நமது பக்கத்தைக் கேட்டு ஜப்பானியர் தலைகுனிவர் என்று எண்ணியிருந்தோம். தலைகுனிய நேர்ந்தது யார்க்கு என்பதைப் பின்னர்க் கூறுவோம். அதற்கு முன், ஒரு நாட்டு ஆசிரியர் தமது சரித்திரப் பாடத்தை அயல்நாட்டு ஆசிரியர் முன் வைத்துப் படித்துக்காட்டும் இவ்விந்தை வழக்கம் எங்கே, எவ்வாறு தோன்றியது என்பதை நம் நேயர்கட்கு எடுத்துரைத்தல் நலம்.

முதல் மகாயுத்தம் 1918இல் ஓய்ந்தபோது, ஐரோப்பாவில் அறிவுடையோர் பலர்க்கு ஓர் ஐயம் எழுந்தது. இளைஞரை இலட்சக்கணக்கில் பதுங்குகுழிகட்கு அனுப்பியவை அரசாங்கங்கள் மட்டுந்தாமா? அவ்விளைஞர் பத்து வயதில் படித்த சரித்திரப் புத்தகத்திற்கு அதில் பங்கில்லையா? பிரெஞ்சுப் பிள்ளையின் புத்தகத்தில் ஜெர்மானியன் என்றும் கொடியவன். ஜெர்மானியப் பிள்ளையின் புத்தகத்தில் பிரெஞ்சுக்காரன் என்றும் வஞ்சகன். இரு பிள்ளைகளும் வளர்ந்து ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டதில் வியப்பென்ன?

அக்காலத்திருந்த சர்வதேச சங்கம் இதற்கொரு மருந்து தேடிற்று. காசாரெஸ் என்னும் ஸ்பெயின் நாட்டறிஞர் 1925இல் ஒரு முறையை வகுத்தளித்தார். ஒரு நாட்டின் பாடபுத்தகத்தில் தம் நாட்டைப்பற்றித் தவறான செய்தி காணப்படின், அதனைச் சுட்டிக்காட்டித் திருத்துமாறு அந்நாட்டுக் குழுவிற்கு எழுதலாம். எழுதலாமேயன்றி வற்புறுத்தலாகாது. திருத்தமும் உறுதியான உண்மைச் செய்திகளைப் பற்றியதாகவே இருத்தல் வேண்டும். நன்று தீது என்னும் தீர்ப்புகளைத் தொடலாகாது. பார்வைக்கு மிக நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் அதனைப் பயன்படுத்தியோர் மிகச் சிலரே. அயலான் புத்தகத்தில் குற்றங்காணும் உரிமையை அனைவருக்கும் வழங்கிய அம்முறை, தன் புத்தகத்தைத் தானே விரித்துக் காட்டும் கடமையை எவர்க்கும் விதிக்கவில்லை. அடுத்த வீட்டுக் குப்பையைக் கடிதம் எழுதிப் பெருக்கிவிட முடியுமா?

ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள டென்மார்க்கு, நார்வே, ஸ்வீடன் ஆகிய நாட்டினர் சற்று வேறு வழியிற் சென்றனர். 1919இல் அந்நாடுகளில் நோர்டன் என்னும் பெயரால் நட்புறவுச் சங்கங்கள் தோன்றின. ஒருவர் பாடபுத்தகத்தை மற்றவர் படித்துக் குறைகாட்டும் வேலையை அச்சங்கங்கள் மேற்கொண்டன. நூற்றாண்டுக் கணக்கில் ஒருவரோடொருவர் பொருது குருதி சிந்தியவர்களே அவர்களும். நார்வே ஸ்வீடனோடிருந்த கூட்டினின்றும் பிரிந்தது 1905இல்தான். ஆறாத புண் அது. ஆயினும் அமர்ந்து படித்தனர். இன்று அந்நாடுகள் தம்முள் போரிடும் என்பதை எவரேனும் கற்பனையிலும் காண முடியுமா?

இவ்வரலாற்றில் நம் நெஞ்சை விட்டகலாத ஒருவர் உண்டு. அவர் பிரெஞ்சு நாட்டுச் சரித்திர ஆசிரியர் ஜூல் இசாக். 1877இல் பிறந்தவர், யூதர், முதல் மகாயுத்தத்தில் படைவீரராகப் போராடிக் காயமுற்றவர். மாலே என்பாரோடு அவர் பெயர் சேர்ந்து விளங்கிய பாடபுத்தகங்களைப் பிரெஞ்சு மாணவர் தலைமுறை தலைமுறையாகப் படித்தனர். அந்த மாலே 1915இல் போர்முனையில் மாண்டவர். இத்துணை இழப்பிற்குப் பின்னும் இசாக் 1935இல் ஜெர்மானிய சரித்திராசிரியர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து, இரு நாட்டார் புத்தகங்களிலும் முரண்பட்டுக் கிடந்த செய்திகளைக் குறித்து ஏறத்தாழ நாற்பது இணக்க வாசகங்கள் உருவாகப் பாடுபட்டார். அப்போது ஜெர்மனியில் இட்லர் ஆட்சிபீடமேறி ஈராண்டுகள் கழிந்திருந்தன. அவ்வாசகங்கள் ஜெர்மானியப் பள்ளிகளிற் பரவ அவ்வாட்சி இடந்தரவில்லை.

பின்பு நிகழ்ந்தது கொடிது. 1940இல் பிரான்சு வீழ்ந்ததும், யூதர் என்னும் ஒரே காரணத்தால் இசாக் பதவியினின்றும் நீக்கப்பட்டார். 1943 அக்டோபரில் அவர் வெளியே சென்றிருந்த வேளையில் அவர்தம் மனைவியும் மகளும் பிடிபட்டு, ஆஷ்விட்சு கொலைக்களத்திற்கு அனுப்பப்பட்டு மாண்டனர். அதே 1943 அக்டோபரில்தான், உலகின் மறுகோடியில், சயாம்–பர்மா இருப்புப்பாதையின் இரு முனைகளும் வந்து சேர்ந்தன. இவ்விரு செய்திகளையும் ஒரே நாளில் படித்தபோது நாம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டோம்.

இசாக் முதலியோர் 1935இல் எழுதிய வாசகங்கள் வீண்போகவில்லை. இரண்டாம் மகாயுத்தம் முடிந்த பின், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியொன்றில் பணியாற்றிய கேயோர்க் எக்கர்ட் என்பார் அவற்றைத் தூசி தட்டி எடுத்தார். போர்க்காலத்தில் கிரேக்க நாட்டில் ஜெர்மானியப் படையின் வானிலை நிலையத்திற் பணியாற்றி, இறுதியில் கிரேக்க விடுதலைப் போராளிகள் பக்கம் சேர்ந்தவர் அவர். 1951இல் பிரெஞ்சு, ஜெர்மானிய ஆசிரியர்கள் மீண்டும் கூடினர். அவ்விணக்கத்தில் ஒரு வாசகம் மிகவும் புகழ்பெற்றது: 1914ஆம் ஆண்டில் எந்த ஒரு நாட்டு அரசாங்கமோ மக்களோ திட்டமிட்டு ஐரோப்பியப் போரை விரும்பினர் என்று கூற ஆவணங்கள் இடந்தரவில்லை என்பது அதன் கருத்து.

இவ்விடத்தில் நேயர்கள் ஒன்றை நோக்குதல் வேண்டும். பத்தே ஆண்டுகளில், 1961இல், பிரிட்சு பிஷர் என்னும் ஜெர்மானிய அறிஞரே அவ்வாசகத்தை அசைத்துவிட்டார். பழைய ஆவணங்களைத் துருவி, 1914இல் தம் நாட்டுத் தலைவர்கட்கு இருந்த நாடுபிடிக்கும் ஆசையை அவர் ஒரு பெரும்நூலாக வெளியிட்டார். அவர் நாட்டினரே அவர்மீது சீறி விழுந்தனர். அவ்வாறாயின் 1951இல் கூடிய ஆசிரியர்கள் செய்தது பிழையா? அன்று. அவர்கள் எழுதியது கல்வெட்டன்று. பேச்சைத் தொடங்கிவைத்த ஒரு தாள். பேச்சு தொடங்கிய பின்னரே தன் வீட்டுக் குற்றத்தைத் தானே எடுத்துரைக்கும் துணிவு ஒருவர்க்குப் பிறக்கிறது என்பது நமது எண்ணம்.

ஜெர்மானியரும் போலந்துக்காரரும் கூடிய கதை இதனினும் கடினமானது. 1972இல் தொடங்கிய அவர்களது பாடபுத்தகக் குழு 1976இல் தன் பரிந்துரைகளை வெளியிட்டது. போருக்குப் பின் கிழக்குப் பகுதிகளினின்றும் வெளியேற்றப்பட்ட ஜெர்மானிய மக்களின் நிலையை ‘விரட்டியடிப்பு’ என்பதா, ‘இடமாற்றம்’ என்பதா என்று ஒரு சொல்லுக்காகப் பெரும் பூசல் எழுந்தது. பிறிதொரு குறையும் இருந்தது. 1939இல் இட்லரும் ஸ்டாலினும் போலந்தைப் பங்கிட்டுக்கொள்ளச் செய்த இரகசிய உடன்பாட்டைப் பற்றியோ, கட்டின் காட்டில் சோவியத்து ஆட்சியாளர் போலந்து அதிகாரிகளைக் கொன்று புதைத்ததைப் பற்றியோ அப்பரிந்துரைகளில் ஒரு சொல்லும் இல்லை. போலந்துப் பேராசிரியர்கள் அறியாமலா இருந்தனர்? நன்கறிவர். மாஸ்கோவின் நிழலில் வாழ்ந்த அவர்களால் வாய்திறக்க இயலவில்லை. அம்மௌனத்தைக் காட்டியே மேற்கு ஜெர்மனியில் பலர் அப்பரிந்துரைகளை முழுதும் தள்ளினர். எனினும் குழு கலையவில்லை. கம்யூனிஸ்டு ஆட்சி 1989இல் நீங்கிய பின், சொல்லாது விட்டவற்றைச் சொல்லவும் அதே மேசை பயன்பட்டது. 2016 முதல் 2020 வரை இரு நாட்டாரும் சேர்ந்தெழுதிய சரித்திரப் பாடபுத்தகம் நான்கு பாகங்களாக இரு மொழியிலும் வெளிவந்தது. பிரான்சும் ஜெர்மனியும் அவர்களை முந்திக்கொண்டன. 2003இல் இரு நாட்டு மாணவர் கூடிய இளைஞர் பேரவையொன்று கேட்டுக்கொண்டதன் பயனாக, ஒரே பொருளடக்கம் கொண்ட புத்தகம் 2006, 2008, 2011 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக இரு மொழியிலும் அச்சேறிற்று. பள்ளிகள் அதனைப் பேரளவில் எடுத்தாளவில்லை என்பதும் மெய்யே. கேட்டவர் மாணவர், வாங்காதவர் பெரியவர்!

நிற்க. நம் பக்கம் வருவோம்.

தாய்லாந்தின் பான் போங் அருகிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளமுடைய அவ்விருப்புப்பாதையை, 1942ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கி 1943 அக்டோபருக்குள் ஜப்பான் இராணுவம் கட்டிமுடித்தது. காடும் மலையும் மழையும் வாந்திபேதியும் நிறைந்த வழி. 60,000க்கு மேற்பட்ட வெள்ளையர் போர்க்கைதிகள் அதில் வேலை வாங்கப்பட்டனர். 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். காஞ்சனபுரியில் அவர்தம் கல்லறைகள் புல்வெட்டிப் பூச்செடி வைத்து, பெயரும் வயதும் பொறித்து ஒழுங்காகக் காக்கப்படுகின்றன. ஆசியத் தொழிலாளரோ அவர்களைப்போல் மும்மடங்கினர். பர்மியர், தமிழர், ஜாவானியர், சீனர், மலாய்க்காரர் எனப் பலர். அவர்களுள் மாண்டவர்க்கு உறுதியான கணக்கு எவரிடமும் இல்லை. ஏறக்குறைய 90,000 என்பர் மதிப்பிட்டோர். மலாயாவிலிருந்து மட்டும் கொண்டுபோகப்பட்டோர் எழுபதாயிரத்திற்கு மேற்பட்டோர் என்றும், அவர்களுட் பெரும்பாலார் தோட்டத் தமிழர் என்றும் ஆராய்ந்தோர் கூறுவர்.

நாம் தோட்டப் பள்ளியிற் படித்த நாளில் இவற்றுள் ஒன்றும் புத்தகத்தில் இல்லை. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது என்று படித்தோம். அதனை மனப்பாடம் செய்து பரிசும் பெற்றோம். நம் லயத்தில் வீட்டுக்கு வீடு ஓர் ஆள் குறைந்திருந்தது. புத்தகத்தில் எவரும் குறையவில்லை.

நமது பாட்டனார் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றிற் பால்மரம் வெட்டியவர். 1943இல் மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி என்று சொல்லி அவரை லாரியில் ஏற்றினர். அவ்வளவே. அவர் வரவில்லை, அவர் மாண்ட செய்தியும் வரவில்லை. போர் முடிந்து ஆண்டொன்று கழிந்தபின், தாலியைக் கழற்றிவிடுமாறு பெரியவர்கள் பாட்டியாரிடம் கூறினர். “பிணத்தைக் காட்டுங்கள், கழற்றுகிறேன்,” என்றார் அவர். பின்னும் முப்பத்துமூன்று ஆண்டுகள் தாலியோடும் பொட்டோடும் வாழ்ந்து 1979இல் மறைந்தார். அவர் உடலைச் சுமங்கலியாகக் கொண்டுபோவதா, கைம்பெண்ணாகக் கொண்டுபோவதா என்று வாசலில் நின்று வழக்காடியோர் உண்டு. இறந்த பெண்ணின் நெற்றியையும் விடாது ஆராய்வதன்றோ நம்மவர் பெருமை!

பாட்டியாரிடம் நாம் சிறுவயதிற் கண்ட வழக்கமொன்று நமக்கு நெடுநாள் விளங்கவில்லை. அவருடைய தமையனார் அதே தோட்டத்திற் கங்காணியாயிருந்தவர். பாட்டியார் தமையனாரோடு பேசுவார், சிரிப்பார், நோயுற்றபோது கஷாயம் வைத்துக் கொடுத்தனுப்புவார். ஆனால் அவர் வீட்டில் ஒருநாளும் ஒரு பிடி சோறு உண்டதில்லை. நமக்குத் திருமணமான பிறகே தந்தையார் காரணத்தைக் கூறினார். ஜப்பான் அதிகாரிகள் தோட்டத்திற்கு இத்தனை ஆள் என்று கணக்குக் கேட்பர். பெயர் கொடுக்கவேண்டியவர்கள் கிராணியும் கங்காணிகளும். முதல் இருமுறை மணமாகாத இளைஞர் பெயர்களைத் தமையனார் கொடுத்தார். தம் உறவினரைத் தப்பவைக்கிறார் என்று லயத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மூன்றாம் முறை கணக்குக் கேட்டபோது, பட்டியலின் தலைப்பில் அவர் எழுதிய பெயர் தம் தங்கையின் கணவருடையது.

இதனை நாம் பாங்காக்கிற்குக் கொண்டுசென்ற பக்கத்தில் எழுதவில்லை.

கூட்டத்தில் முதற்கண் படித்தவர் ஜப்பானிய ஆசிரியர். எழுபதை எட்டிய முதியவர். அவர் கொண்டுவந்திருந்த பாடபுத்தகத்தில் அவ்விருப்புப்பாதை ஒரே வாக்கியத்தில் முடிந்திருந்தது: உள்ளூர்த் தொழிலாளர் பலர் ஈடுபடுத்தப்பட்டனர், பலர் உயிரிழந்தனர் என்று. அதனைப் படித்துவிட்டு, “இவ்வாக்கியத்தில் எழுவாய் இல்லை என்பதை நான் அறிவேன்,” என்று கூறி அமர்ந்தார். அடுத்துத் தாய்லாந்து ஆசிரியர், தம் நாட்டில் அவ்விடம் சுற்றுலாவிற்குரியதாகிவிட்டதையும், ஆற்றுப் பாலத்தருகே ஆண்டுதோறும் ஒளியும் ஒலியும் முழங்க விழா நடப்பதையும் சற்றே நாணத்தோடு கூறினார். பின்னர் நாம் எழுந்து படித்தோம். அடித்தனர், பட்டினி போட்டனர், நோயாளிகளைக் கைவிட்டனர் என்று நாம் முழங்கியபோது அறையில் அசைவில்லை.

நாம் அமர்ந்ததும் பர்மிய ஆசிரியை ஒருவர் பணிவோடு எழுந்தார். அவர் கொண்டுவந்த பக்கம், பர்மாவில் ‘வியர்வைப் படை’ என்ற பெயரால் ஆள் சேர்க்கப்பட்டதைப் பற்றியது. ஊர்த்தலைவர்களே ஆள் கணக்கை நிரப்பினர் என்றும், பணமுள்ளோர் விலகிக்கொள்ள ஏழைகள் அனுப்பப்பட்டனர் என்றும் அவர் மறையாது எழுதியிருந்தார். ஆதலின் அவர் கேட்டதில் கபடமில்லை. “ஐயா, தங்கள் பக்கத்தில் எல்லா வினைகளுக்கும் செய்தவர் இன்னார் என்று இருக்கிறது. ஒரே ஓரிடத்தில் மட்டும் ‘பெயர்ப்பட்டியல் தயாரிக்கப்பட்டது’ என்றிருக்கிறது. அதனைத் தயாரித்தவர் யார்?” என்றார்.

நம் நா எழவில்லை. பொதுவாகத் தோட்டச் சிப்பந்திகள் என்று ஏதோ கூறி நழுவினோம். அன்றிரவு விடுதியில் உறக்கமில்லை. போலந்துப் பேராசிரியர்கள் கட்டின் காட்டைப் பற்றி மௌனஞ்சாதித்ததைக் குறித்து, நாமே ஒருகாலத்தில் மாணவர் முன் கடுமையாகப் பேசியதுண்டு. அவர்கள் வாயை அடைத்தது ஒரு பேரரசு. நம் வாயை அடைத்தது எது? மாமன் வீட்டு மானம். அஃதொன்றே.

மறுநாட் காலையில் நாம் எழுந்து, கங்காணியார் கதையை உள்ளபடி உரைத்தோம். உரைத்து முடித்ததும் நம்மோடு மலேசியாவிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர், சீன வகுப்பினர், வெகுண்டார். “இத்தனை ஆண்டுகளாக ஜப்பான் அரசு தேடிய சாக்கை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்களே! இனி, அவர்களே தம் மக்களைக் காட்டிக்கொடுத்தார்கள் என்று எழுதுவார்கள்,” என்றார். அவர் அச்சம் வீணன்று. 1982இல் ஜப்பானியப் பாடபுத்தகங்களில் சீனத்தின் மீது நடந்த படையெடுப்பை ‘முன்னேற்றம்’ என்று மாற்றுகின்றனர் என்ற செய்தி பரவி, சீனமும் கொரியாவும் கொதித்தெழுந்ததை அவர் நினைவூட்டினார். அயல் ஆசிய நாடுகளின் உணர்வைக் கருதிப் பாடபுத்தகங்களை ஆராய்தல் வேண்டும் என்ற விதியை ஜப்பான் அரசு அவ்வாண்டில் சேர்த்ததும் அக்கிளர்ச்சியின் பயனேயன்றித் தானே கனிந்த கனியன்று.

ஜப்பானிய முதியவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின்பு கூறியதை நாம் மறக்கவில்லை. “செய்தவன் இல்லாத வாக்கியத்தை எழுதுவது எங்கள் நாட்டில் மட்டுமே உள்ள பழக்கம் என்றெண்ணி நாணியிருந்தேன். ஆனால் தங்கள் உறவினரிடம் ஆள் கேட்டவன் துப்பாக்கியோடு நின்றான். அதனை முதல் வாக்கியமாக எழுதுங்கள். எழுதாவிடின் நான் எழுதுவேன்,” என்றார். சீன நண்பர் அமைதியுற்றார் என்று சொல்லமாட்டோம். ஆயினும் மேசையை விட்டு எழவில்லை.

எஞ்சிய நேரத்தில், நான்கு நாட்டு வகுப்புகளிலும் பயன்படத்தக்க ஒரு தாளை எழுத முயன்றோம். ஒரே கதையாக எழுதுதல் இயலவில்லை. ‘தொழிலாளர்’ என்னும் சொல்லையே நாம் ஏற்கவில்லை. கூலி தராது சாகவிட்டவரைத் தொழிலாளர் என்பதா என்று கேட்டோம். ‘அடிமைகள்’ என்றால் தம் நாட்டுப் பள்ளியில் அத்தாள் வாசற்படி ஏறாது என்றார் முதியவர். ஒரு வேளை முழுவதும் அச்சொல்லுக்கே சென்றது.

அப்போது பர்மிய ஆசிரியை, இஸ்ரேலிய, பாலஸ்தீன ஆசிரியர்கள் 2002 முதல் சேர்ந்தெழுதிய ஒரு புத்தகத்தின் அமைப்பை எடுத்துரைத்தார். டான் பார்-ஒன் என்னும் இஸ்ரேலியரும் சாமி அத்வான் என்னும் பாலஸ்தீனியரும் முன்னின்ற முயற்சி அது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒருபுறம் இஸ்ரேலியர் கூறும் கதை. மறுபுறம் பாலஸ்தீனியர் கூறும் கதை. நடுவில் மாணவர் எழுதுவதற்கு வெற்றிடம். குண்டுகள் வெடித்த நாட்களிலும் அவ்வாசிரியர்கள் கூடி எழுதினர். இருதரப்புக் கல்வி அதிகாரிகளும் அதனைப் பள்ளியில் ஏற்கவில்லை. சீன, ஜப்பானிய, கொரிய ஆசிரியரும் அறிஞரும் சேர்ந்து 2005இல் மும்மொழியில் வெளியிட்ட சரித்திர நூலும் துணைநூலாகவே நின்றது. இத்தகைய நூல்களுக்கு அதுவே விதிபோலும்! நம் தாளுக்கு மட்டும் வேறு விதி வாய்க்குமா என்ன?

எனினும் எழுதினோம். நான்கு பத்திகள், நான்கு நாட்டார் சொற்கள். ஜப்பானியர் பத்தியில் ‘தொழிலாளர்’; நம் பத்தியில் ‘அடிமைப்படுத்தப்பட்டோர்’; இரண்டையும் அடிக்கோடிட்டு, ஏன் வேறுபடுகின்றன என்ற கேள்வி ஒன்று கீழே. நம் பத்தியின் முதல் வாக்கியம் துப்பாக்கியைப் பற்றியது. இரண்டாவது கங்காணியைப் பற்றியது. அடியில் வெற்றிடம். நமது பழைய பக்கத்தில் ஜாவானியரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாதிருந்ததையும், பர்மியர் ‘முதலியோர்’ என்பதில் அடங்கிக் கிடந்ததையும் அப்போதே கண்டோம். வெள்ளையர் நம்மை ‘முதலியோர்’ ஆக்கினர் என்று ஏசிக்கொண்டே நாம் பிறரை அவ்வாறு செய்திருந்தோம்.

நாம் ஓய்வு பெறுமுன் ஈராண்டுகள் அத்தாளை வகுப்பிற் பயன்படுத்தினோம். பாடத்திட்டத்தில் இல்லாதது, ஆதலின் பள்ளி விட்டபின், விரும்பினோர்க்கு மட்டும். வெற்றிடத்தில் சிலர் ஒன்றும் எழுதவில்லை. சிலர் வீட்டுக்குச் சென்று பாட்டியரை வினவி வந்து, இடம்போதாமல் தாளின் பின்புறத்திலும் எழுதினர். ஒரு மாணவன், தன் முப்பாட்டனாரும் கங்காணி என்றும், அதை எழுதலாமா என்றும் இரகசியமாகக் கேட்டான். எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம் என்றோம். அவன் எழுதவில்லை.

செய்தி உறவினர் செவிக்கு எட்டாமலிருக்குமா? கங்காணியாரின் பேரர், நமக்கு மாமன் மகன் முறையினர், ஒரு திருமண வீட்டில் பலர் முன்னிலையில் நம்மை நிறுத்தி, செத்தவரைச் சந்திக்கு இழுத்தீர் என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏழாண்டுகள் பேச்சில்லை. அவர் கோபத்தில் நியாயமில்லை என்று நாம் கூறமாட்டோம். அவர் பாட்டனார் தம் மனச்சான்றோடு எவ்வாறு வாழ்ந்தார் என்பதை அறிந்தவர் அவர். நாம் அறிந்தது நம் பாட்டியார் உண்ணாத சோற்றை மட்டுமே.

சென்ற பொங்கலன்று துணிந்து அவர் வீட்டுக்குச் சென்றோம். கதவைத் திறந்தார், காப்பி கொடுத்தார், ரப்பர் விலையையும் மழையையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். விடைபெறும்போது, அந்தத் தாளில் ஒரு பிரதி இருக்கிறதா என்றார். கையில் இல்லாமையால் மறுநாள் தபாலில் அனுப்பினோம். மூன்று வாரங்கழித்து அது திரும்பி வந்தது. கடிதம் ஏதும் இல்லை. நம் பத்தியில் ‘மூன்றாம் முறை’ என்றிருந்ததைப் பென்சிலால் அடித்து, பக்கத்தில், ‘நான்காம் முறை. மூன்றாம் முறை தம் பெயரையே எழுதிக் கொடுத்தார்; துரைமார் ஏற்கவில்லை. என் தந்தையார் சொன்னது’ என்று எழுதியிருந்தார்.